"என்னால பேச முடியாது அங்கிள்!"



சனிக்கிழமை சாயங்காலம் நம் சபை மாடியில் மாணவர்களுக்காக ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறீங்க பிரதர்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. "பிள்ளைகளை அரசியல்வாதி ஆக்கப் போறீங்களா?" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. அதனால் இந்த மாதப் பாடத்தை அதைக் குறித்தே எழுதுகிறேன். நான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சாளன் அல்ல. பிள்ளைகள் பேசப் பயப்படுவதைக் கிட்டே இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். பெருங்களத்தூரிலிருந்து வருகிறவன், காலேஜில் கடைசி வருஷம். மார்க்கெல்லாம் நல்ல மார்க். காம்பஸ் இன்டர்வியூவில் எழுத்துத் தேர்வை மூன்று தடவை தாண்டிவிட்டான். மூன்று தடவையும் குரூப் டிஸ்கஷனில் வெளியே வந்துவிட்டான். "எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தாங்க அங்கிள். எனக்குப் பதில் தெரியும். வாய் திறக்கல. என்னால பேச முடியாது அங்கிள்" என்றான். சொல்லும்போது அவன் கை நடுங்கியது. அவன் அப்பா முடிச்சூர் ரோட்டில் பங்சர் கடை வைத்திருக்கிறார். அந்த வேலை இவன் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"தைரியமாப் பேசுப்பா, என்ன பயம்?" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். நாம் எல்லாரும் அதைத்தான் சொல்லுகிறோம். அன்பானவர்களே, "பயப்படாதே" என்று வெறுமனே சொல்லி இதுவரை ஒரு பிள்ளைக்காவது பயம் போயிருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

முதலில் பயம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேர் நம்மை உற்றுப் பார்க்கும்போது மூளை அதை ஓர் ஆபத்தாக எண்ணிக்கொள்கிறது. உடனே அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இருதயம் படபடவென்று அடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. எச்சில் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கை கால் உதறுகிறது. ஓடவோ சண்டை போடவோ சரீரம் தயாராகிற விதம் இது. தெருநாய் துரத்தும்போது இதே காரியம் நமக்கு உபயோகமாயிருக்கிறது. மேடையிலோ ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அதனால் அந்தப் பிள்ளை உறைந்து போகிறது. இது கோழைத்தனமல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. சரீரம் தன் வேலையைத் தவறான இடத்தில் செய்கிறது. இதை மாணவர்களிடம் சொன்னவுடனே பாதிப் பேருக்கு முகம் தெளிகிறது. "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன் அங்கிள்" என்பார்கள்.

ஆனால் பயத்தை வளர்க்கிறவர்கள் யார்? இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

2004 கிறிஸ்மஸ் நிகழ்ச்சி. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வசனம் ஒப்புவிக்க ஏறினாள். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. இரண்டு வரி சொன்னாள், மறந்துவிட்டது. மைக் என் கையில் இருந்தது. நான் அடுத்த வரியைச் சத்தமாக எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? "பாப்பா காலையில சாப்பிடாம வந்துட்டா போலிருக்கு" என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அவள் இறங்கிப் போய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த நிகழ்ச்சிக்கும் பேர் கொடுக்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

பத்து வருஷத்துக்கப்புறம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒரு பெண் "ஸ்தோத்திரம் அங்கிள்" என்றாள். அவளேதான். காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அன்னைக்கு ஒரு ஜோக் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? கிளாஸ்ல எழுந்து நின்னா இப்பவும் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வருஷம்தான், 2014-ல், இந்த வகுப்பைத் தொடங்கினேன். வகுப்பின் முதல் சட்டம் அன்றே எழுதியாயிற்று: ஒருவர் தடுமாறினால் யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அமைதியாகக் காத்திருக்க வேண்டும். அரை நிமிஷம் ஆனாலும் சரி.

இப்போது ஒரு சரித்திரச் சம்பவத்துக்குப் போவோம். நம் ஊர் மின்சார ரயிலில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைக்கு நடந்து, என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் திரும்பினால் பெரிய பெரிய தூண்களோடு ஒரு பழைய கட்டிடம் நிற்கும். அதுதான் பச்சையப்பன் மண்டபம். பழைய கிரேக்கக் கோயில் ஒன்றின் மாதிரியில் கட்டினது. போன வருஷம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அதற்கு எதிரே, நடைபாதையில், கடைகளுக்கு நடுவே நிறுத்தினேன். "இதைக் காட்டவா அங்கிள் வெயிலில் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

1896 அக்டோபர் 26-ந் தேதி அந்த மண்டபத்தில் ஒரு இருபத்தேழு வயது வக்கீல் பேசினார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. அவருடைய கூச்சம் எப்படிப்பட்டது என்பதை அவரே சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். லண்டனில் படிக்கும்போது சைவ உணவுச் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். ஒரு விவாதத்தில் தன் கருத்தைச் சொல்ல வாய் வராமல் எழுதிக்கொண்டு போனார். அதையும் வேறொருவர்தான் வாசித்தார். வென்ட்னர் என்ற ஊரில் எழுதிவைத்ததையே வாசிக்க எழுந்தார். கண் மங்கிற்று, கை நடுங்கிற்று. நண்பர் மஜும்தார் வாங்கி வாசித்தார். 1891-ல் ஊருக்குப் புறப்படுமுன் நண்பர்களுக்கு விருந்து வைத்து, நகைச்சுவையாகப் பேச ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பம்பாய் வந்து முதல் வழக்குக்காகக் கோர்ட்டில் எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. முப்பது ரூபாய் பீசில் எடுத்த வழக்கை ஐம்பத்தொரு ரூபாய்க்கு இன்னொரு வக்கீலிடம் ஒப்படைத்தார்கள்!

1893-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றிப் பேசினார். அதுதான் தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று எழுதுகிறார். சரி, அதோடு பயம் போய்விட்டதா? இல்லை! இதைத்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து, 1896 செப்டம்பர் 26-ல், பம்பாயில் பெரிய கூட்டம். சர் பிரோஸ்ஷா மேத்தா உட்கார்ந்திருக்கிறார். காந்தி எழுதி அச்சடித்த பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். குரல் எழும்பவில்லை. சர் பிரோஸ்ஷா "இன்னும் சத்தமாக" என்று சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போயிற்று. கடைசியில் வாச்சா என்பவர்தான் வாசித்து முடித்தார்.

சரியாக ஒரு மாதம். அதே மனிதன் நம்ம மெட்ராசில் நீளமான ஒரு பேச்சைக் கொடுத்தார், ஜனங்கள் ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்டார்கள். கூட்டம் முடிந்தபின் அவருடைய பச்சை அட்டைப் புஸ்தகத்தை வாங்க முண்டியடித்தார்கள். பிறகு பத்தாயிரம் பிரதி மறுபடியும் அச்சிட்டார்.

எப்படி? மெட்ராஸ் கூட்டத்துக்கு உயிர் கொடுத்தது பாலசுந்தரம் என்று காந்தியே எழுதுகிறார். யார் இந்தப் பாலசுந்தரம்? நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒரு தமிழன். எஜமான் அடித்த அடியில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, கிழிந்த துணியோடு, முண்டாசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் ஆபீசில் வந்து நின்றான். காந்தி அவனை டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கி, வேறு எஜமானிடம் மாற்றிவிட்டார். அந்தச் செய்தி கடல் தாண்டி மெட்ராசுக்கு வந்திருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவன் சொந்த ஜனம். லண்டன் விருந்தில் பேச எழுந்தவருக்கு, தான் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலை இருந்தது. இங்கே அடிபட்ட ஒருவனுக்காகப் பேச வேண்டியிருந்தது, கேட்கிறவர்களுக்கும் அது தேவையாயிருந்தது. வித்தியாசம் அதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

நடைபாதையில் இதைச் சொல்லி முடித்தபோது முணுமுணுத்த பையன், "பம்பாயிலயும் பாலசுந்தரத்துக்காகத்தானே அங்கிள் பேசினார்? அங்க ஏன் குரல் வரல?" என்று கேட்டான். நல்ல கேள்வி! என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. கேட்கிற முகங்கள் வேறு என்று மட்டும் சொன்னேன். பெரியவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து "சத்தமாக, சத்தமாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் குரல் வரும்? நாமும் அதையேதானே பிள்ளைகளுக்குச் செய்கிறோம்.

வேதத்திலும் இதைப் பார்க்கிறோம். யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தில் மோசே, தனக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்கிறான். கர்த்தர் அவன்மேல் கோபங்கொண்டார், ஆனாலும் அந்த வேலையை அவனிடத்திலிருந்து எடுத்துவிடவில்லை. கூடப் பேச ஆரோனைக் கொடுத்தார். முன்னால் இருந்ததோ அடிமைத்தனத்தில் பெருமூச்சுவிட்ட ஜனம். அதே மோசேதான் பிறகு யோர்தானுக்கு இப்புறத்தில் நின்று பேசினான். உபாகமப் புஸ்தகம் ஏறக்குறைய முழுவதும் அவனுடைய பேச்சே. பவுலும் தான் கொரிந்துவுக்கு வந்தபோது பயத்தோடும் நடுக்கத்தோடும் இருந்ததாக எழுதுகிறார். நாம் பிரசங்க பீடத்தில் பார்க்கிற தைரியசாலிகளும் பிறக்கும்போதே மைக்கோடு பிறந்தவர்கள் அல்ல.

இது பெரிய மனிதர்களுக்கு மட்டும் நடக்கிற காரியமா? 2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். நம் வகுப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை அந்தப் பக்கத்துக்காரி. ஒரு வருஷமாக வகுப்புக்கு வந்தும் தன் பெயரைச் சொல்லவே தலையைக் குனிந்துகொள்ளுவாள். நான் அவளைப் பற்றி நம்பிக்கையை விட்டிருந்தேன் என்பதே உண்மை.

தண்ணீர் கொஞ்சம் வடிந்தபின் உதவி செய்கிறவர்கள் வந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று தெருமுனையில் கேட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒன்றும் புரியவில்லை. இந்தப் பிள்ளை ஒரு திண்ணைமேல் ஏறி நின்று, "எங்க தெருவுல வயசானவங்க ஏழு பேர் இருக்காங்க. மூணு பேருக்குச் சுகர். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இன்சுலின் ஊசி, மருந்து எல்லாம் தண்ணில போயிடுச்சு. நேத்துல இருந்து போடல" என்று வீட்டு அடையாளத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே மருந்து வந்தது.

பிறகு நான் அவளிடம், "எப்படிம்மா பேசினே? பயமா இல்லையா?" என்று கேட்டேன். "பயமாத்தான் அங்கிள் இருந்துச்சு. காலெல்லாம் ஆடிச்சு. ஆனா பாட்டிக்கு ஊசி வேணுமே" என்றாள்.

வகுப்பு நடத்தும் முறையை அந்தப் பதில்தான் மாற்றியது. அதுவரை நானும் "தேசிய ஒருமைப்பாடு", "நேரத்தின் அருமை" என்று தலைப்புக் கொடுத்து, எழுதி, மனப்பாடம் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறது இரண்டே கேள்வி. உனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன? அது இங்கே யாருக்கு உபயோகப்படும்? ஒருத்தி அம்மா வைக்கிற நெத்திலிக் குழம்பைப் பற்றிப் பேசுவாள். ஒருவன், சானடோரியத்திலிருந்து சேலையூருக்கு எந்த நேரத்தில் எந்த வழியாய்ப் போனால் டிராபிக் இருக்காது என்று பேசுவான். யாருக்காகச் சொல்லுகிறோமோ அந்த ஒருவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அடுத்த முகம்.

முதலில் மேடையே கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் உட்கார்ந்தபடி சொல்லுவது. அடுத்த வாரம் அதே விஷயத்தை மூன்று பேருக்கு, நின்றுகொண்டு. அப்புறம் எட்டுப் பேருக்கு. விஷயத்தை மாற்றுவதில்லை, கூட்டத்தைத்தான் கொஞ்சங்கொஞ்சமாகப் பெரிதாக்குகிறோம். பயத்துக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்று, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று கண்டால் சரீரம் தானாக அடங்குகிறது. ஒருதரம் தப்பித்து ஓடினால் அடுத்த தரம் இன்னும் பெரிதாக வரும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் பண்ண விடுவதில்லை. ஒரு வார்த்தை நழுவினால் மாலை அறுந்தது போல எல்லாம் உருண்டுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும். நடுவுக்கு ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் நாலு வார்த்தை. எழுந்திருக்குமுன் மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், மூன்று தரம். ஒரு மடக்குத் தண்ணீர். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கட்டும். மறந்துபோனால் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நிறுத்தி, காகிதத்தைப் பார்த்து, தொடர வேண்டும்.

இங்கிலீஷ் பயம் தனி. தமிழிலேயே நாலு நிமிஷம் பேச முடியாத பிள்ளையை இங்கிலீஷில் பேசு என்பது நீச்சல் தெரியாதவனை மெரினாவில் தள்ளுவது போல. முதலில் தமிழில் நிற்கட்டும். அப்புறம் அதே விஷயத்தைச் சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில். பெரிய வார்த்தை வேண்டாம்.

திக்கிப் பேசுகிற பிள்ளைகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பயத்தினால் மட்டும் வருவதல்ல. அதற்குப் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரிடம் போக வேண்டும். அவர்கள் பேசும்போது அவசரப்பட்டு வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுக்காமலிருப்பதே பெரிய உதவி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கொரோனா வருஷங்களில் வீட்டுக்குள்ளேயே இருந்து வளர்ந்த பிள்ளைகள் போனில் நன்றாகப் பேசுகிறார்கள், ஆள் முன்னால் வந்தால் குனிந்துகொள்கிறார்கள். விருந்தாளி வந்ததும் "ஒரு பாட்டுப் பாடு, வசனம் சொல்லு" என்று இழுத்து நிறுத்தாதீர்கள். அதைவிட, சாப்பிடும்போது "இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, பதில் முடியும்வரை கேளுங்கள். பெரியவர்களுக்கு முன் வாயை மூடு என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறோம். ஆனால் வாய் திறந்து பழகாத பிள்ளைக்கு டியூஷனிலோ ரயிலிலோ ஓர் அநியாயம் நடந்தால் அது யாரிடம், எப்படிச் சொல்லும்? 1098 என்ற எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை அழைத்தாலும் பேசத்தானே வேண்டும்!

நம் தாம்பரத்துக்குப் பேச்சு புதிதல்ல. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே வந்தது. 1938 டிசம்பரில் அதே வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடி, ஆசியா, ஆப்பிரிக்காவின் இளம் சபைகளிலிருந்து வந்தவர்கள் மேல்நாட்டாருக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இருக்கிற நம் பிள்ளைகள் ஏன் ஊமையாயிருக்க வேண்டும்?

கடைசியாக ஒன்று. வகுப்பில் கைதட்டுவதில்லை. கைதட்டல் சும்மாவும் வரும். அதற்குப் பதிலாக, பேசி முடித்தவரிடம் யாராவது உண்மையாகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி வந்தால் கேட்டார்கள் என்று அர்த்தம்.

போன சனிக்கிழமை அந்தப் பெருங்களத்தூர்ப் பையனின் முறை. டியூப்லெஸ் டயரில் பங்சர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவன் விஷயம். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பின்வரிசையில் அவன் அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். சோப்புத் தண்ணி, குமிழி, ஆணியை உடனே பிடுங்கக் கூடாது என்பதுவரை சொன்னான். நின்றுவிட்டான். மாடியில் சத்தமே இல்லை. கீழே ரோட்டில் ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது. எனக்கு எடுத்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். துண்டுக் காகிதத்தைப் பார்த்தான். மூச்சு விட்டான். "ஏன் பிடுங்கக் கூடாதுன்னா..." என்று ஆரம்பித்து முடித்தான்.

முன்வரிசையில் ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த ஒரு சகோதரி, "தம்பி, நைட்ரஜன் காத்துன்னு காசு வாங்குறாங்களே, அது போட்டாத்தான் நல்லதா?" என்று கேட்டார்கள். "எங்க அப்பாகிட்ட வந்தீங்கன்னா சாதாக் காத்துதான் அக்கா போடுவார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு அவனே, "வாரம் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கிட்டாப் போதும்" என்று ஏன் எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தான். வகுப்பு முடிய அன்று ஏழே முக்கால் ஆகிவிட்டது.